ஃபிளைவீலைக் கடைவதா, கிரவுன் பினியனை மாற்றுவதா?

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வர வேண்டுமென்றால் தொப்பூர் கணவாய் ஏறித்தான் ஆக வேண்டும். முன்னால் லாரி வரிசை ஊர்ந்தால் நாமும் ஊர வேண்டும். அது நின்றால் மேட்டிலேயே நின்று, மறுபடி முதல் கியரில் எடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது இசுசு 1.8 பெட்ரோல் இன்ஜின் போட்ட பழைய காண்டசா கார். ஐந்து கியர், இழுவை பின்சக்கரத்தில். அதைச் சுறுசுறுப்பாக்க வேண்டும் என்று இரண்டு வேலைகளையும் தனித்தனியாகச் செய்து பார்த்துவிட்டேன். முதலில் ஃபிளைவீலை, அதாவது இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான இரும்புத் தட்டை, எடை குறையக் கடைந்தேன். அப்புறம் பின் ஆக்சிலில் கிரவுன் பினியனை, அதாவது சக்கரங்களுக்கு இழுவையைக் கடத்தும் பல் சக்கர ஜோடியை, மாற்றினேன். இன்று யாராவது கேட்டால், முதலில் பின்னால் கை வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

இலகுவான ஃபிளைவீலின் சுகம் தெரிந்ததுதான். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) ஏறும், காலை எடுத்ததும் இறங்கும். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கலுக்கு இறங்கும் வளைவுகளில், கியர் குறைக்கும்போது ஒரு தட்டு தட்டினால் போதும், இன்ஜின் வேகம் சரியாக வந்து உட்காரும். அந்த இன்பத்தை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் அந்த லாபம் எந்தக் கியரில் கிடைக்கிறது என்று பாருங்கள். நடுவிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி, விளிம்புப் பக்கம் 2.5 கிலோ இரும்பை எடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் கியர் விகிதம் 3.5, பின் ஆக்சில் விகிதம் 3.73 என்றால், வேகம் எடுக்கும்போது கார் சுமார் 70 கிலோ இளைத்த மாதிரி இருக்கும். ஒரு ஆளை இறக்கிவிட்டதற்குச் சமம். ஐந்தாவது கியர் 0.85 என்றால் அதே வேலையின் பலன் வெறும் 4 கிலோ. மொத்த கியர் விகிதத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி பலன் மாறுவதால்தான் இவ்வளவு வித்தியாசம். இதுவும் வேகம் கூடிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான். ஒரே வேகத்தில் மேடு ஏறும்போது ஃபிளைவீல் எடை குறைந்ததால் ஒரு துளி இழுவைகூட அதிகரிக்காது.

கிரவுன் பினியன் அப்படியல்ல. பினியனில் 11 பல், கிரவுனில் 41 பல் என்றால் விகிதம் 3.73. பினியன் 10 பல்லானால் 4.10. எல்லாக் கியரிலும், எல்லா நேரத்திலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை 10 சதவீதம் கூடும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பக்கம் ஏறும்போது, முன்பு மூன்றுக்கு இறக்கிய இடங்களில் இப்போது நான்கிலேயே போகிறேன். இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங்கும் அதே அளவு கூடுகிறது. தொப்பூரில் சேலம் பக்கம் இறங்குகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இதையெல்லாம்விட என்னை முடிவெடுக்க வைத்தது கிளட்ச். ஃபிளைவீல் கடைந்த பிறகு, நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது இன்ஜின் அடிக்கடி அணைந்தது. சேமித்து வைத்திருந்த சுழற்சி குறைந்துவிட்டதால், ஆர்பிஎம்மை உயர்த்திப் பிடித்துத்தான் கிளட்சை விட வேண்டியிருந்தது. முன்பு 1,500இல் எடுத்த வண்டியை 1,800இல் எடுத்தேன். கிளட்ச் தேய்ந்து பிடிக்கும்போது பிறக்கும் சூடு, அது முழுசாகப் பிடிக்கும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சமதளத்திலேயே இது 44 சதவீதம் கூடுதல் சூடு, மேட்டில் இன்னும் மோசம். ஒருநாள் மாலை தொப்பூரில் நெரிசலில் மாட்டி, ஊர் வந்ததும் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கும் முன்பே, “கிளட்ச் வாசம் வருது தம்பி, மேட்டுல எத்தனை தடவை நின்னு எடுத்தீங்க?” என்று கேட்டார்.

அந்தக் கிளட்ச் பிளேட் சீக்கிரமே போய்விட்டது. கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்பதால் பிளேட் விலையோடு கூலியும் சேர்ந்தது. பின் விகிதத்தைக் குட்டையாக்கினால், அதாவது 3.73ஐ 4.10 ஆக்கினால், கணக்கு நேர் எதிர். அதே ஆர்பிஎம்மில் எடுத்தால், வண்டி 9 சதவீதம் குறைந்த வேகத்திலேயே கிளட்ச் பிடித்துவிடும். சூடு 17 சதவீதம் குறையும். அதனால் பிளேட் மாற்றும்போதே பழைய கனத்தில் ஒரு ஃபிளைவீல் தேடி மாட்டினேன். கடைந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாதே!

பின் ஆக்சில் வேலையிலும் செலவும் தலைவலியும் உண்டு. கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து, டயல் கேஜில் பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) பார்த்து, பல்லில் மை தடவி எங்கே உரசுகிறது என்று பார்க்கத் தெரிந்த கை வேண்டும். முதலில் கொடுத்த இடத்தில் அவசரமாக முடித்துவிட்டார்கள். 60 தாண்டினாலே ஊளைச் சத்தம். வேறு இடத்தில் பிரித்து மறுபடி செட் பண்ணிய பிறகுதான் அடங்கியது. நெடுஞ்சாலையில் 100இல் போகும்போது முன்பு 2,850 பக்கம் இருந்த இன்ஜின் இப்போது 3,140 சுற்றுகிறது. பெங்களூரு போய் வந்தால் பெட்ரோலில் வித்தியாசம் தெரிகிறது. ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால், 100இல் போனால் முள் 110 காட்டும். அதற்கும் ஒரு திருத்தம் செய்ய வேண்டும்.

நான் டிராக்கில் ஓட்டியவன் இல்லை. கோவை கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு நின்று நின்று எடுக்கும் தொல்லை கிடையாது. அங்கே ஃபிளைவீல் முதலிடம் பிடிக்கலாம். புதுப் பல் ஜோடி போட்டு ஒரு வருடம்தான் ஆகிறது, அதன் ஆயுளைப் பற்றி இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஃபிளைவீல்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒன்று. வார்ப்பிரும்பு ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து இஷ்டத்துக்கு இளைக்க வைக்காதீர்கள். அதிக ஆர்பிஎம்மில் அது வெடித்தால் துண்டுகள் பறப்பது ஓட்டுநரின் கால் பக்கம். ஸ்டீலில் செய்ததை வாங்கி, கிளட்சின் பிரஷர் பிளேட்டோடு சேர்த்து பேலன்ஸ் பார்த்த பிறகே மாட்டுங்கள்.