ஒன்பது வருடம், ஒரே வீணை, கொல்லிமலைச் சாலைகள்

நாமக்கல்லிலிருந்து மாதம் இரண்டு முறை கொல்லிமலைக்கு வீணை சொல்லிக்கொடுக்கப் போகிறேன். காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். அது தார் ரோடு, தூக்கிப்போடாது, ஆனால் ஒவ்வொரு வளைவிலும் பெட்டி பக்கவாட்டில் தள்ளும். செம்மேடு தாண்டிச் சின்ன ஊர்களுக்குப் பிரியும் கப்பிச் சாலையில்தான் இடுப்பு கழன்றுவிடும். இந்த ஒன்பது வருடமும் அதே வீணை, அதே ஃபைபர் பெட்டி.

பெட்டி நல்ல பெட்டிதான். பஸ்ஸில் ஒருமுறை மேலே அரிசி மூட்டையே சரிந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குலுக்கலிலிருந்து வீணையைக் காப்பாற்றுவது அந்த ஓடு இல்லை, உள்ளே காலி இடம் விடாமல் அடைத்திருக்கிறோமா என்பதுதான். கூடவே வந்த ஸ்பாஞ்ச் இரண்டே வருடத்தில் அமுங்கிப்போய் வீணை உள்ளே ஆட ஆரம்பித்தது. அப்புறம் பழைய பருத்திப் புடவைகளுக்கு மாறினேன், இன்றுவரை அதுதான். வீணையின் உருண்டையான குடத்துக்கு அடியில் சும்மாடு மாதிரி சுற்றி ஒன்று, கழுத்து மாதிரி நீண்டிருக்கும் தண்டிக்கு அடியில் நீளமாக மடித்து ஒன்று. தண்டியின் முனையில் இருக்கும் யாளி முகம் மட்டும் எதன்மேலும் படாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும், பெட்டி முட்டினால் முதலில் உடைவது அதன் மூக்குதான். என்னுடையது ஒட்டு வீணை என்பதால் குடமும் தண்டியும் சேரும் இடத்தில் இன்னும் ஒரு மடிப்பு கூடுதலாக வைக்கிறேன். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை கொஞ்சம் குறைவு. தண்டிக்குக் கீழே மாட்டும் சுரைக்காயைக் கழற்றித் தனிப் பையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொள்வேன்.

தந்தியை முழுக்கத் தளர்த்திவிட்டுக் கொண்டுபோகச் சொல்வார்கள், செய்யாதீர்கள். குடத்தின்மேல் தந்திகளைத் தாங்கும் குதிரை நிற்பதே தந்தியின் அழுத்தத்தில்தான். மொத்தமாகத் தளர்த்தினால் வழியில் அது நகர்ந்து குடத்தின் மேல் பலகையைக் கீறிவிடும். ஏழு தந்தியையும் அரை சுருதி இறக்கினால் போதும்.

நான் உண்மையில் பயப்படுவது பள்ளத்துக்கு இல்லை, வெயிலுக்குத்தான். தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகளும், அதாவது உலோகக் கட்டைகளும், உட்கார்ந்திருப்பது கரி சேர்த்துக் காய்ச்சிய மெழுகின்மேல். நான்காவது வருடம் மே மாதம், சேந்தமங்கலத்தில் சாப்பிட இறங்கி, வீணையைக் கார் டிக்கியிலேயே விட்டுவிட்டேன், ஒரு மணி நேரம்தான் இருக்கும். மெழுகு இளகியிருந்தது வெளியே தெரியவில்லை, அப்படியே மலையேறிக் கப்பிச் சாலையில் குலுங்கிப் போய்ப் பெட்டியைத் திறந்தால் மேல் ஸ்தாயி மெட்டுகள் ஐந்தாறு சாய்ந்து கிடக்கின்றன. அன்றைக்கு வாய்ப்பாட்டாகவே பாடம் நடத்தினேன், மனசே இல்லை. திரும்ப மெழுகு வைத்து மேளம் கட்டி, அதாவது மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாகப் பொருத்தி, வாங்க மூன்று வாரம் ஆனது. அதே மெட்டுகள் குலுக்கலில் மட்டும் இந்த ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அசைந்ததில்லை. இப்போது காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறேன், பெட்டிமேல் வெள்ளைப் போர்வை போடுகிறேன், டிக்கி பக்கமே போவதில்லை. பின் சீட்டில் நீளவாக்கில் படுக்கவைத்து, சீட் பெல்ட்டைக் கைப்பிடி வழியாக விட்டு மாட்டுகிறேன். பஸ் என்றால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் சீட் பக்கம், கடைசி சீட் கூடவே கூடாது, அங்கேதான் தூக்கிப்போடும். ஆடி 18 வல்வில் ஓரி விழாக் கூட்டத்தில் பஸ்ஸில் வீணையோடு ஏறவே மாட்டேன்.

மேலே போனதும் உடனே திறக்காதீர்கள். கீழே இருந்த சூட்டுக்கும் அங்கே உள்ள குளிருக்கும் மரமும் தந்தியும் பழக அரை மணி நேரமாவது பெட்டி மூடியே இருக்கட்டும், அதற்கு முன் சுருதி சேர்த்தால் நிற்காது, தந்தியை முறுக்கும் பிருடையைத் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பெட்டியில் எனக்கு உள்ள ஒரே குறை கீல் ஆணிகள். குலுங்கிக் குலுங்கி ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை குடத்தின் ஓரத்தில் தந்திகளைக் கட்டியிருக்கும் நாகபாசத்துக்குப் பக்கத்தில் துணியில் சுற்றி எப்போதும் வைத்திருக்கிறேன், கிளம்புவதற்கு முன் ஆறு ஆணியையும் ஒரு திருகு திருகிப் பார்த்துவிடுவேன்.