டிடிஆர்5-6000 ரேம்: ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்ததில்

எட்டு கோர் ரைசன் 7000 பிராசசரோடு 32 ஜிபி டிடிஆர்5-6000 சிஎல்30 ரேம் கிட் ஒன்றை (6000 என்பது வேகம், சிஎல்30 என்பது கேட்ட தரவைக் கொடுக்க ரேம் எடுத்துக்கொள்ளும் கிளாக் சுற்றுகள்) வருடத்துக்கு மேலாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போட்டவுடன் போர்டு எடுத்துக்கொண்டது 4800 தான். பெட்டியில் அச்சடித்திருக்கும் 6000 வேண்டுமென்றால் பயாஸில் எக்ஸ்போவை, அதாவது ரேமிலேயே பதிந்திருக்கும் வேக செட்டிங்கை, நாமே ஆன் செய்ய வேண்டும், இதைச் செய்யாமலேயே வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் நிறையப் பேர்.

ஆன் செய்த பிறகு எய்டா64 என்ற சோதனை மென்பொருளில் ரீட் வேகம் நொடிக்கு 60 ஜிபியை ஒட்டி வந்தது. இரண்டு சேனலுக்குக் கணக்குப் போட்டால் 96 வர வேண்டுமே என்று ரேமைக் குறை சொல்லாதீர்கள். இந்த பிராசசரில் கோர்களையும் மெமரி கன்ட்ரோலரையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது ரீட் பாதை 64 ஜிபிக்கு மேல் விடாது. அப்புறம் அந்த சிஎல்30. நானோ நொடியில் பார்த்தால் அது 10, பழைய டிடிஆர்4-3200 சிஎல்16-க்கும் அதே 10 தான். கூடியிருப்பது ஒரே நேரத்தில் அள்ளிக் கொடுக்கும் அளவு. 7-ஜிப்பில் பெரிய ஃபோல்டரைச் சுருக்கும்போது அது நன்றாகவே தெரிகிறது. கேம்களில் சராசரி எஃப்பிஎஸ் பெரிதாக ஏறவில்லை, ஆனால் கூட்டமான காட்சிகளில் வரும் திக்கல் குறைந்தது, எனக்கு அதுதான் முக்கியம்.

சரி, உண்மையான சோதனை சூட்டில்தான் இருக்கிறது. ரிஃப்ரெஷ் இடைவெளியை, அதாவது மெமரி செல்லில் கசியும் சார்ஜை மறுபடி நிரப்பும் இடைவெளியை, பயாஸில் 65535 கிளாக் சுற்று வரை நீட்டினால் லேட்டன்சி (தரவு வரும் தாமதம்) அழகாகக் குறையும், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-உம் இரவெல்லாம் ஓடி ஒரு பிழைகூடக் காட்டாது. ஆனால் அப்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கிறது, கேபினெட்டும் குளிர்ந்திருக்கிறது! கேம் ஓடும்போது கார்டின் சூடு நேராக ரேமில் ஏறும், டிடிஆர்5-இல் மின்சாரத்தைச் சீர்செய்யும் சிப்பும் ஸ்டிக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது, எக்ஸ்போ போட்டால் வோல்டேஜ் 1.1-லிருந்து 1.35-க்கு ஏறிவிடுகிறது. சூடு கூடக்கூட மெமரி செல்லில் இருக்கும் சார்ஜ் சீக்கிரம் கசியும், அடிக்கடி ரிஃப்ரெஷ் வேண்டும், நாமோ அந்த இடைவெளியை நீட்டி வைத்திருக்கிறோம். கார்டுக்கும் லோடு கொடுத்துக்கொண்டே டெஸ்ட்மெம்5 என்ற இன்னொரு ரேம் சோதனையை ஓட்டினேன், ஸ்டிக் 55 டிகிரியைத் தாண்டியதும் பிழைகள் வரத் தொடங்கின. இடைவெளியைப் பாதியாகக் குறைத்து, ரேமுக்கு நேராக ஒரு ஃபேனும் வைத்தேன். அதன்பிறகு ஒரு கிராஷ்கூட இல்லை.

வாங்குபவர்களுக்கு ஒன்று: 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டாகவே வாங்குங்கள். நான்கு ஸ்டிக் போட்டால் ரைசன் 7000-க்கு ஏஎம்டி அதிகாரப்பூர்வமாகச் சொல்லும் வேகம் வெறும் 3600.