ஹவாய் எரிமலைக் கல்லில் கருவத்தின் தடம்: இரண்டு விளக்கங்கள்

பினாங்கின் கொடிமலையும் தண்ணீர்மலையும் கிரானைட்டால் ஆனவை. கண்ட மேலோடு உருகி ஆழத்தில் மெல்ல இறுகிய பாறை அது. எனவே மேலோட்டின் வரலாற்றையே அது பெரிதும் சொல்லும். அடியாழத்தை அறிய விரும்பும் நம் மாணவர்கள் ஹவாய், சமோவா போன்ற எரிமலைத் தீவுகளின் பசால்ட் கற்களையே (எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை) பார்க்க வேண்டும்.

அவற்றில் இரண்டு விந்தைகள் உண்டு. கடலடி மலைத்தொடர்க் கற்களில் ஹீலியம்-3க்கும் ஹீலியம்-4க்கும் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்) உள்ள விகிதம் காற்றில் இருப்பதைவிட ஏறத்தாழ 8 மடங்கு. ஹவாயின் லோயிஹி எரிமலையில் அது 30 மடங்கைத் தாண்டுகிறது. யுரேனியச் சிதைவால் ஹீலியம்-4 பெருகிக்கொண்டே போக, ஹீலியம்-3 புவி பிறந்தபோதே சிறைப்பட்டது என்பதால், இக்கற்களின் ஊற்று மிகப் பழையது. இரண்டாவதாக, 2017இல் வெளிவந்த ஆய்வு, இத்தகைய கற்கள் சிலவற்றில் டங்ஸ்டன்-182 சற்றே குறைந்திருப்பதைக் காட்டியது. சிதைந்து அதுவாக மாறும் தாயான ஹாஃப்னியம்-182இன் அரை ஆயுள் 90 லட்சம் ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே இந்த வேறுபாடு புவியின் தொடக்கக் காலத்திலேயே உண்டாகியிருக்க வேண்டும்.

முதல் விளக்கம், மேலோட்டுக்கும் நடுவிலுள்ள கருவத்துக்கும் இடைப்பட்ட பாறை அடுக்கான கவசத்தின் அடியில் கலக்காமல் தங்கிவிட்ட ஆதிப் பாறைத் திரளைச் சுட்டுகிறது. ஹீலியத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் புவியின் தொடக்கக் காலத்தில் பாறைக் கவசம் வெவ்வேறு பகுதிகளாகப் பிரிந்ததே டங்ஸ்டன்-182 குறைவுக்குக் காரணமென்றால், அத்தகைய பிரிவின் மற்றொரு தடமான நியோடிமியம்-142உம் உடன் மாறியிருக்க வேண்டும்; அப்படியொரு தெளிவான இணைவு தென்படவில்லை. இந்தக் குறையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இரண்டாவது விளக்கம், 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் உலோகக் கருவத்தைச் சுட்டுகிறது. கருவம் பிரிந்தபோது டங்ஸ்டன் பெருமளவு உலோகத்தோடு இறங்கியது, ஹாஃப்னியம் பாறையில் தங்கியது. அந்த ஹாஃப்னியம் பின்னர் சிதைந்து பாறையில்தான் டங்ஸ்டன்-182 ஆனது; அதனால் கருவத்தின் டங்ஸ்டனில் டங்ஸ்டன்-182இன் பங்கு குறைவு. உருகிய உலோகமே கவசத்தில் கலந்திருந்தால் உலோகத்தோடு சேரும் பிளாட்டினம் போன்றவையும் கூடியிருக்க வேண்டுமே என்ற எதிர்வாதம் நியாயமானது. அதனால்தான் எல்லையில் டங்ஸ்டன் பரிமாற்றம் மட்டும் நிகழ்ந்திருக்கலாம் என்று பலர் கருதினர்.

2025இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹவாய்க் கற்களில், பிளாட்டினத்தைப் போன்ற அரிய உலோகமான ருத்தேனியத்தின் ஒரு வகையான ருத்தேனியம்-100 சற்று மிகுந்திருப்பதைக் கண்டனர். புவியின் ருத்தேனியத்தில் 99 விழுக்காட்டுக்கு மேல் கருவத்தில்தான் உள்ளது. கவசத்தில் இருப்பதோ பின்னாளில் விழுந்த விண்பொருள்கள் பெரிதும் சேர்த்தது; அதில் ருத்தேனியம்-100இன் பங்கு கருவத்தில் உள்ளதைவிடக் குறைவு. ஆகவே ஹவாயைப் பொறுத்தவரை கருவ விளக்கமே வலுவானது என்பது என் முடிவு. எனினும் ருத்தேனியத்தின் சான்றை ஹீலியத்துக்கும் நீட்டிவிடக் கூடாது; அந்த வாயு கருவத்திலிருந்தும் வரலாம், ஆதிக் கவசத்திலிருந்தும் வரலாம்.