நீலக்குறியோடு மூன்று ஆண்டுகள்

மொரிஷியஸின் ரெதுயி வளாகத்தில் படிக்கச் சேர்ந்த நாள்முதல் இந்த மூன்று ஆண்டுகளில், பழகிப் பார்க்கலாம் என்று வந்த இளைஞர்களோடு நான் பேசியதில் பெரும்பகுதி வாட்ஸ்அப்பில்தான் நடந்தது. செயலி என்ற அளவில் அதைக் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. ஒருவரை அறிந்துகொள்ள அது எவ்வளவு உதவியது என்பதையே எழுதுகிறேன்.

2014 நவம்பரில் வந்த நீலக்குறி, செய்தி படிக்கப்பட்டதை மட்டும் சொல்கிறது; படித்தவர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதலாண்டில் ஒருவர் என் செய்தியை இரவு ஒன்பது மணிக்குப் படித்தார், பதில் வரவில்லை. ஒன்பதரைக்கு ஸ்டேட்டஸில் நான் போட்ட மழைப் படத்தைப் பார்த்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. மறுநாளும் அப்படியே. 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் படத்தை ஒன்றுவிடாமல் பார்ப்பவருக்கு ஒரு வரி எழுத நேரமில்லை என்று நம்புவதற்கு நானும் மூன்று வாரம் முயன்றேன். கேட்டபோது காவடி விரதம் என்றார். காவடிக்காகப் பத்து நாள் புலாலை விடுபவர்களைப் பிறந்தது முதல் பார்த்திருக்கிறேன். பதில் எழுதுவதை விட்டவரை அந்த ஆண்டுதான் பார்த்தேன்.

பிறகு நீலக்குறியை அணைத்து ஆறு மாதம் இருந்தேன். அணைத்தால் பிறர் படித்ததும் நமக்குத் தெரியாது. குழுக்களில் அது அணைவதே இல்லை. குரல்பதிவைக் கேட்டுவிட்டால் ஒலிவாங்கிப் படம் நீலமாகி நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். நிம்மதியும் கிடைக்கவில்லை, ஏனெனில் கண் 'ஆன்லைன்' என்ற சொல்லைத் தேடப் பழகிக்கொண்டது.

மொரிஷியஸ் தமிழர்களான எங்களில் பெரும்பாலோர் வீட்டிலும் கைபேசியிலும், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் பேசுகிறோம். தமிழ், வணக்கத்துக்கும் பண்டிகை வாழ்த்துக்கும் வரும். கிரியோலிலும் நம் 'நீங்கள்', 'நீ' போல 'ஊ', 'தோ' என்று இரண்டு உண்டு. இரண்டாம் நாளே 'தோ'வுக்கு வந்துவிட்ட ஒருவர், நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் "ஊ பியென்?" என்று நலம் விசாரித்தார். பிரிவைப் பற்றி அவர் வேறெதுவும் எழுதவில்லை. எனக்கும் வேறெதுவும் தேவைப்படவில்லை.

பெண்ணுக்கு இதில் தனிச் சுமை ஒன்றும் உண்டு. உடனே பதில் எழுதினால் அலைகிறாள் என்பார்கள், தாமதித்தால் திமிர் என்பார்கள். உரையாடலைப் படமெடுத்து அனுப்பிவிட்டால், தீவு சிறியது என்பதால், அது மாலைக்குள் ரோஸ் ஹில்லில் இருக்கும் அத்தை கைக்கே போய்ச் சேரும். அவர் அதை அம்மாவிடம் காட்டாமல் இருந்ததில்லை. இளைஞர்களின் அத்தைமார் இவ்வளவு விழிப்பாக இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் என்னை அதிகம் களைப்படையச் செய்தது மௌனமன்று, "நு கெதே" என்ற பதில்தான். பார்க்கலாம் என்று பொருள்படும் இச்சொல், மறுப்பும் ஆகாது, சம்மதமும் ஆகாது. சொன்னவருக்குச் செலவில்லை, கேட்டவருக்கோ அந்த வார இறுதி முழுவதும் போய்விடும். இதற்காகவே இப்போது நாளையும் மணியையும் இடத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நீலக்குறியையும் திரும்ப இயக்கிவிட்டேன். சென்ற வாரம் ஒருவருக்கு, சனிக்கிழமை பத்து மணிக்கு ரோஸ் ஹில் மெட்ரோ நிலையத்தில் சந்திக்கலாமா என்று எழுதினேன். "நு கெதே" என்று வந்தது. சனிக்கிழமைக்குத் தோழியோடு வேறு வேலை வைத்துக்கொண்டேன்.