நாய் சாகுமா என்று கேட்கும் தளம்: அடி வாங்கிய ஒருத்தியின் மதிப்பீடு

'டஸ் த டாக் டை' என்று ஒரு இணையதளம் இருக்கிறது. செயலியாகவும் கிடைக்கிறது. படத்தில் நாய் சாகுமா என்ற ஒரே கேள்வியோடு 2010இல் தொடங்கினார்கள். இன்று நூற்றுக்கும் மேல் கேள்விகள்: குடும்ப வன்முறை வருமா, யாராவது தண்ணீரில் மூழ்குவார்களா, தற்கொலை உண்டா, குழந்தையைத் துன்புறுத்துவார்களா. படம் பார்த்தவர்கள்தான் ஆம், இல்லை என்று ஓட்டுப் போடுகிறார்கள். சிலர் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, எப்போது முடிகிறது என்றும் எழுதி வைக்கிறார்கள். அந்தச் சிலரை நேரில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

தண்டையார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் சில வருடங்கள் அடி வாங்கியே கழிந்தன. வெளியே வந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் படத்தில் ஒருவன் இடுப்பு பெல்ட்டை உருவினால் என் உள்ளங்கை வியர்த்துவிடும், மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடும். கண்ணை மூடிக்கொள்ளலாம். தியேட்டர் ஸ்பீக்கரை என்ன செய்வது? என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் காசிமேட்டு அக்காவுக்கு வேறு மாதிரி. 2004 சுனாமியைக் கரையில் நின்று பார்த்தவர். அலையைக் காட்டினால்கூடத் தாங்கிக்கொள்வார். கூட்டம் கடலுக்கு முதுகைக் காட்டி ஓடும் காட்சி வந்தால் எழுந்து போய்விடுவார்.

சென்சார் சான்றிதழ் எங்களுக்கு உதவுவதில்லை. 2024 விதிகளில் யு/ஏவை 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அது பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு. திரையில் ஒருவன் சிகரெட் பற்றவைத்தால் கீழே எச்சரிக்கை வரி வருகிறது. மனைவியின் தலைமுடியைப் பிடித்து இழுத்தால் எந்த வரியும் வருவதில்லை. ஓடிடியில் 'வன்முறை' என்று போடுகிறார்கள். கத்திச் சண்டையும் அந்தச் சொல்லுக்குள்தான், தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் நடப்பதும் அதற்குள்தான்.

எச்சரிக்கை போட்டால் அதிர்ச்சி குறையுமா என்று பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் ஒரு கட்டுரை வந்தது. குறைவதில்லை, பார்ப்பதற்கு முன்னால் பதற்றம்தான் கூடுகிறது என்பது அதன் முடிவு. என் அனுபவமும் அதுதான். தெரிந்துகொண்டு போனாலும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் தெரிந்தால் ஓரத்து சீட்டாகப் பார்த்து டிக்கெட் எடுக்கலாம், தங்கையைக் கூட்டிப் போகலாம், இல்லை வீட்டில் சத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம். எங்கே, யாரோடு பார்ப்பது என்பது என் கையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் எதுவுமே என் கையில் இருந்ததில்லை, அதனால் எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தளத்தால் சொல்ல முடியாத ஒன்று உண்டு. ஒரு படத்தில் அடிக்கிற காட்சிக்கு முழங்க முழங்க இசை போட்டு, கேமராவை அவள் முகத்துக்கு அருகே கொண்டுபோய், கடைசியில் ஹீரோ வந்து காப்பாற்றுவதற்கு அதை ஒரு காரணமாக ஆக்குவார்கள். இன்னொரு படத்தில் அடியே காட்டமாட்டார்கள். பல வருடம் கழித்து, யாரோ பின்னாலிருந்து சும்மா கூப்பிட்டதற்கு அவள் தோள் குறுகுவதை மட்டும் காட்டுவார்கள். முதல் வகைப் படம் பார்த்தால் இரண்டு மூன்று நாள் எனக்குத் தூக்கம் போய்விடும். இரண்டாவதைப் பார்த்து நன்றாக அழுதேன், அப்புறம் பசித்தது, சாப்பிட்டேன். நம்மைப் போல இன்னொருத்தி இருக்கிறாள், நாம் பைத்தியம் இல்லை என்று தோன்றியது. ஓட்டில் இரண்டுக்கும் ஒரே 'ஆம்'தான். அதனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் படத்தைத் தள்ளாதீர்கள், கீழே உள்ள குறிப்புகளையும் படியுங்கள். குறிப்பில் கதை முடிவும் சேர்ந்து வரும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் ஆங்கிலத்தில். நான் மகளை வாசித்துச் சொல்லச் சொல்வேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். படம் பார்த்தபின் மனம் அடங்காமல் தவித்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசு சேவை, காசில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மக்கள் போட்டால்தான் அங்கே ஓட்டு இருக்கும். அடுத்த தமிழ்ப் படம் பார்த்துவிட்டு வரும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி, அடி எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று நிமிடக் கணக்கோடு எழுதிப் போடுங்கள்.