சிலி: பழையதைத் திருத்துவதா, புதிதாக எழுதுவதா?

1980-இல் ராணுவ சர்வாதிகாரி பினோசே கொண்டுவந்த அரசியலமைப்பை மாற்ற, சிலி மக்கள் இரண்டு வழிகளையும் முயன்று பார்த்தார்கள்.

காலம்
திருத்தம்: ஆமை வேகம். நியமன செனட்டர்கள் (தேர்தல் இல்லாமல் மேலவையில் அமர்ந்தவர்கள்) ஒழிய 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.
புதிது: 2020 வாக்கெடுப்பில் 78% பேர் ‘வேண்டும்’ என்றார்கள். இரண்டே ஆண்டில் வரைவு தயார்.

தடை
திருத்தம்: பூட்டியவர்களிடமே சாவி. முக்கியப் பிரிவுகளைத் தொட நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது; நியமன செனட்டர்களை நீக்க அவர்கள் உட்கார்ந்திருந்த செனட்டே சம்மதிக்க வேண்டியிருந்தது! அந்தச் சம்மதம் வருவதற்குள் 15 ஆண்டுகள் போயின.
புதிது: மக்களே தடுத்தார்கள். 388 பிரிவுகள் கொண்ட வரைவை 2022-இல் 62% பேர் நிராகரித்தார்கள். (அத்தனையையும் யார் படித்திருப்பார்கள்?) வலதுசாரிகள் கை ஓங்கிய அடுத்த வரைவும் 2023-இல் தோற்றது.

மிச்சம்
திருத்தம்: 2005-இல் பினோசேயின் கையெழுத்துப் போய் அன்றைய அதிபர் லாகோஸின் கையெழுத்து வந்தது. பிறப்புக் கறை போகவில்லை.
புதிது: கையில் ஒன்றுமில்லை.

எதிர்த்தரப்போடு பேரம் பேச முடிந்தால் திருத்தமே என் தேர்வு. புதிதாக எழுதுவது, வலதும் இடதும் ஒரு குறுகிய வரைவுக்கு முன்கூட்டியே ஒத்துக்கொண்டால் மட்டும். திருத்தத்தின் பழைய பூட்டும் இப்போது தளர்ந்துவிட்டது: 2022-இல் திருத்தத்துக்குத் தேவையான வாக்கு வரம்பையே ஏழில் நான்கு பங்காகக் குறைத்துவிட்டார்கள்.