புது லேப்டாப்னு வாங்கி ரெண்டு மாசச் சம்பளம் போச்சு: ஃபேன் சத்தம் வந்தா "போகப்போக சரியாயிடும்"னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. இப்பதான் மெயில் வந்துச்சு, "உங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது"ன்னு. என்னத்தை தீர்த்து வச்சாங்க? ரெண்டு மாசச் சம்பளம் அவங்க கிட்ட, கடகடன்னு கத்துற மெஷின் என் கிட்ட, இதுதான் தீர்வு போல.

பேர் போட மாட்டேன். எல்லாரும் வாங்குற மாதிரி ஒரு பெரிய ஆன்லைன் தளம், ஆனா வித்தது அவங்க இல்ல, அவங்களுக்குள்ள கடை போட்டிருக்கற ஒரு செல்லர். வாங்கும்போது அந்த செல்லர் பேரு பொடி எழுத்துல இருக்கும், பிரச்சனைன்னு போனா அந்தப் பேருதான் முதல்ல வந்து நிக்கும்.

பாக்ஸ்ல வந்துச்சு, கவர் சுத்தி அழகா இருந்துச்சு. ஆன் பண்ணதும் ஃபேன் ஓட ஆரம்பிச்சுது. அதுல எனக்கு ஒண்ணும் சந்தேகம் வரல, ஏன்னா புது மெஷின்ல முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஃபேன் ஓடத்தான் செய்யும், விண்டோஸ் பின்னாடி அப்டேட் இறக்கும், ஃபைல் எல்லாத்தையும் இண்டெக்ஸ் பண்ணும், ஆன்ட்டிவைரஸ் மொத்தமா ஸ்கேன் போடும், போட்டோ எல்லாம் க்ளவுட்ல இருந்து இறங்கும், ப்ராசஸர் சூடாகும், ஃபேன் வேகமெடுக்கும். அது "உஸ்ஸ்"னு காத்து சத்தம், அது வேற. இது அது இல்லீங்க. இது தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டுற மாதிரி கடகடகட. கூடவே அப்பப்ப ஒரு உரசல்.

உடனே சாட்ல போனேன். அங்கதான் வச்சாங்க ஆப்பு. வந்த ஆளு அவ்ளோ நல்லா பேசினாரு. "சார் கவலையே படாதீங்க, புது ஃபேன் செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும், ஓட ஓட அடங்கிடும். உங்க கேஸ் ஓப்பன்லயே இருக்கும், ரிட்டர்ன் தேதி முடிஞ்சாலும் பரவாயில்ல, நான் நோட் போட்டுட்டேன்"னாரு. நோட் போட்டுட்டாராம்! அந்த ஒத்த வரியை நம்பித்தான் அன்னைக்கு ரிட்டர்ன் பட்டனை அமுக்காம விட்டேன். லேப்டாப் ஃபேனுக்கு செட் ஆகுற காலம்னு ஒண்ணு கிடையவே கிடையாது, தெரிஞ்சுக்கோங்க. முதல் நாள் உரசுற ஃபேன் அடுத்த மாசமும் உரசும், இன்னும் மோசமாத்தான் ஆகும்.

அப்புறம் ஆரம்பிச்சுது கூத்து. ஒவ்வொரு தடவையும் புது ஆளு, ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து கதை சொல்லணும், ஒவ்வொருத்தரும் ஒரு வேலை குடுப்பாங்க. மெத்தை மேல வைக்காதீங்க, மேஜை மேல வைங்க, அடியில காத்து போகணும்னாங்க (மேஜை மேலதாண்டா வச்சிருக்கேன்). பவர் மோடை பெர்ஃபார்மன்ஸ்ல இருந்து பேலன்ஸ்டுக்கு மாத்துங்கன்னாங்க, மாத்தினேன். கம்பெனி ஆப்ல கொயட் மோடு போடச் சொன்னாங்க, போட்டேன், வேகம் குறைஞ்சுது, கடகட அப்படியே மெதுவா கடக் கடக்னு வந்துச்சு. பயாஸ் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே மெஷினை எழுப்பற, போர்டுலயே இருக்கற ப்ரோக்ராம்) அப்டேட் பண்ணேன், அது ஃபேன் எந்தச் சூட்டுல எவ்ளோ வேகம் போகணும்ங்கறதைத்தான் மாத்தும், உரசுறதை எப்படி நிறுத்தும்? கடைசியில விண்டோஸையே அழிச்சுட்டு மறுபடி போடச் சொன்னாங்க. அதையும் பண்ணித் தொலைச்சேன். ஒவ்வொண்ணுக்கும் "செஞ்சு பாத்துட்டு சொல்லுங்க"ம்பாங்க, சொல்லப் போனா வேற ஆளு. இப்படியே இழுத்து இழுத்து ரிட்டர்ன் தேதி போயே போச்சு.

வெறுத்துப்போய் நானே உக்காந்து பாத்தேன். டாஸ்க் மேனேஜர்ல சிபியு வெறும் ரெண்டு மூணு சதவீதம், எந்த ப்ரோக்ராமும் ஓடல. சென்சார் காட்டுற ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டுப் பாத்தா 45 டிகிரி, அது ஒண்ணும் சூடே இல்ல. சூடே இல்லாதப்ப ஏன் இந்த இரைச்சல்? அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணி பயாஸ் ஸ்க்ரீன்லயே நிறுத்தினேன். அங்க விண்டோஸே கிடையாது, சத்தம் மட்டும் அப்படியே இருக்கு. லேசா பக்கவாட்டுல சாய்ச்சா சத்தம் மாறுது, நேரா வச்சா பழையபடி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், இது ஃபேனோட பேரிங்கோ, இறக்கையில வயரு உரசுறதோ, லூஸ் ஸ்க்ரூவோதான், சாஃப்ட்வேரே கிடையாது. (கொய்ங்னு மெல்லிசா ஒரு கீச்சு சத்தம் வந்து, மவுஸ் ஸ்க்ரோல் பண்ணும்போதெல்லாம் மாறுச்சுன்னா அது பெரும்பாலும் ஃபேன் இல்ல, போர்டுல இருக்கற காயில் விசில் அடிக்குது. அது வேற கதை, குழப்பிக்காதீங்க.)

வீடியோ எடுத்து அனுப்பினேன். பதில் என்ன தெரியுமா? "ஃபேன் சத்தம் குறைபாடு அல்ல, அது சாதனத்தின் இயல்பு." இயல்பாம்!

சரி கம்பெனி வாரண்டி இருக்கேன்னு சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போனேன். அந்தப் பையன் சீரியல் நம்பரைப் போட்டுப் பாத்துட்டு என்னை ஒரு மாதிரி பாத்தான். "அண்ணா, இதோட வாரண்டி ஓடி முடிஞ்சுபோச்சே, செகண்ட்ஸ்ல வாங்குனீங்களா?"ன்னு கேட்டான். எனக்கு தலையே சுத்திருச்சு. திருப்பிப் போட்டுக் காட்டுறான், அடியில ஸ்க்ரூ தலையெல்லாம் தேஞ்சு கிடக்கு, ஏற்கனவே எவனோ கழட்டியிருக்கான். உள்ள இருந்த ஃபேனே கம்பெனி ஃபேன் இல்லையாம், அதுலயும் ஒரு ஸ்க்ரூ காணோம், வயரை அதோட இடத்துல செருகாம விட்டிருக்கான், அது இறக்கையில பட்டுக்கிட்டு இருந்திருக்கு. யாரோ ஓட்டித் தேச்ச மெஷினைக் கழுவித் துடைச்சு புதுசுன்னு என் தலையில கட்டியிருக்கானுங்க. ரெண்டு மாசச் சம்பளத்துக்கு!

வீட்டுக்கு வந்து விண்டோஸே குடுக்கற பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பாத்தேன், சைக்கிள் கவுண்ட் (பேட்டரி எத்தனை தடவை முழுசா சார்ஜ் தீர்ந்து ஏறியிருக்குங்கற கணக்கு) இருநூறைத் தாண்டி நிக்குது. புதுசுல அது பூஜ்யமோ, ஒத்த இலக்கமோதான் இருக்கணும். எஸ்எஸ்டி (ஃபைல் எல்லாம் சேமிக்கற டிஸ்க்) எத்தனை மணிநேரம் ஓடியிருக்குன்னு பாத்தா ஆயிரத்துக்கு மேல. விண்டோஸை அழிச்சாலும் இந்த ரெண்டு கணக்கும் அழியாது, அது அவனுங்களுக்குத் தெரியலையா, இல்ல இவன் எங்க பாக்கப்போறான்னு விட்டுட்டானுங்களா தெரியல.

எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சர்வீஸ் சென்டர் ரிப்போர்ட்டோட அனுப்பினேன். தளம் சொல்லுது செல்லர்தான் பொறுப்பு. செல்லர் சொல்றான் நாங்க சீல் பிரிக்காம அனுப்பினோம், திறந்தது நீங்களா இருக்கும், தளத்துக் கிட்ட கேளுங்க. தளத்துக் கிட்ட மறுபடி போனா ரிட்டர்ன் காலம் முடிஞ்சுபோச்சு சார். அந்த நோட் என்னாச்சுய்யான்னு கேட்டா, "எங்க சிஸ்டத்துல அப்படி எந்த நோட்டும் இல்ல"ங்கறாங்க. மேலாளர் கூப்பிடுவாருன்னாங்க, கூப்பிடவே இல்ல. இன்னைக்கு டிக்கெட்டையே மூடிட்டாங்க. ரெண்டு மாசச் சம்பளம்ங்க, அதுல ஒத்தக் காசு திரும்ப வரல.

வாங்கும்போது என்னென்ன பாக்கணும்னு விலாவாரியா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. சுருக்கமா சொல்லிடறேன். பாக்ஸைப் பிரிக்கறப்பவே வீடியோ எடுங்க, அடிப்பக்க ஸ்க்ரூவும் அதுல தெரியட்டும். முதல் நாளே சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்துல போட்டு வாரண்டி என்னைக்கு ஆரம்பிச்சுதுன்னு பாருங்க. பேட்டரி ரிப்போர்ட் எடுங்க, சில மெஷின்ல சைக்கிள் கவுண்ட் வராது, அப்ப டிசைன் கெப்பாசிட்டிக்கும் (புதுசுல எவ்ளோ சார்ஜ் பிடிக்கணும்) ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டிக்கும் (இப்ப எவ்ளோ பிடிக்குது) பெரிய வித்தியாசம் இருக்கான்னு பாருங்க. பயாஸ் ஸ்க்ரீன்லயும் கடகடன்னா அன்னைக்கே ரிட்டர்ன் போடுங்க, எவன் என்ன டிப்ஸ் குடுத்தாலும் ரிட்டர்ன் போட்டுட்டு அப்புறமா செய்ங்க. நீங்களா ஸ்க்ரூவைக் கழட்டாதீங்க, பழி உங்க மேலயே வரும். சாட்ல எவனாவது "நான் நோட் போட்டுட்டேன்"னா அதையே மெயில்ல அனுப்பச் சொல்லுங்க, அனுப்பலைன்னா ஆளு டுபாக்கூர்.

நான் கன்ஸ்யூமர் புகார் ஃபார்ம் நிரப்பப் போறேன். இதே மாதிரி மாட்டி பணத்தைத் திரும்ப வாங்கினவங்க யாராவது இருந்தா, எந்தெந்த பேப்பரை இணைச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க.